வட ஆப்பிரிக்கக் குத்துவாள்களும் வாள்களும்: புழங்கிய பழம்பொருளையும் சுற்றுலாப் பொருளையும் பிரித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு குத்துவாள் பழையதா என்பது ஒரு கேள்வி. அது இடுப்பில் தொங்கவிட்டுப் புழங்குவதற்காகச் செய்யப்பட்டதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே கேள்வியாக எண்ணிக்கொள்பவர்கள்தாம் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். மொரோக்கோ பிரெஞ்சுப் பாதுகாப்பாட்சியின் கீழ் இருந்த 1912 முதல் 1956 வரையிலான ஆண்டுகளில் பயணிகளுக்கென்றே செய்து விற்ற அலங்காரக் கத்திகளில் பல இன்று எண்பது, நூறு வயதைத் தொட்டுவிட்டன. அவை மெய்யாகவே பழையவை, ஆனால் எதையும் வெட்டுவதற்காக உருவானவை அல்ல. சகாராவில் துவாரெக் கொல்லர் ஒருவர் லாரியின் ஸ்பிரிங் பட்டையை அடித்து நீட்டிச் செய்த வாளோ, வயதில் இளையதாக இருந்தாலும் வேலைக்குரிய வாள்தான்.

பாரீசைச் சுற்றியுள்ள ஊர்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் பழம்பொருள் சந்தைகளில் இவற்றைப் பல ஆண்டுகளாகப் பார்த்தும், வாங்கியும், சில முறை ஏமாந்தும் பழகியதில், எதைச் சோதிக்கிறோம் என்பதைப் போலவே எந்த வரிசையில் சோதிக்கிறோம் என்பதும் முக்கியம் என்று தெரிந்துகொண்டேன். முதலில் அலகு, பிறகு பிடி, பிறகு உறை, அதன்பின் தேய்மானம், அதற்கும் பின்னர் அலங்காரம், எல்லாவற்றுக்கும் கடைசியில் விற்பவர் சொல்லும் கதை. புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கதையைக் கேட்டு, உறையின் பளபளப்பைப் பார்த்து, அலகை உருவும்போது மனம் ஏற்கெனவே விலை பேசத் தொடங்கியிருக்கும்; அதன்பின் கண்ணில் படும் குறைகளுக்கெல்லாம் அவர்களே சமாதானம் சொல்லிக்கொள்வார்கள்.

1. தொடங்குமுன் தேவையானவை

ஒரு வெர்னியர் காலிப்பர், பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ், சிறிய டார்ச், நூலில் கட்டிய சிறு காந்தம், ஒரு மூங்கில் குச்சி, ஒரு வெள்ளைக் காகிதக் கைக்குட்டை, ஒரு குறிப்பேடு. புற ஊதாக் கதிர் வீசும் சிறு டார்ச்சும் இருந்தால் நல்லது. இவை எல்லாம் ஒரு சட்டைப் பையிலும் ஒரு கைப்பையிலும் அடங்கிவிடும்.

காந்தத்தைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. பித்தளை முலாம் பூசிய இரும்புத் தகட்டை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் ‘காந்தம் ஒட்டவில்லை, ஆகவே வெள்ளி’ என்று முடிவுகட்டக் கூடாது; ஜெர்மன் சில்வரும் (வெள்ளி கலக்காத செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) அலுமினியமும் காந்தத்தில் ஒட்டுவதில்லை.

சட்டத்தையும் வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவுக்குக் கொண்டுபோக எண்ணுபவர்கள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய வாள், குத்துவாள் போன்றவை ஆயுத விதிகளின் வரையறைக்குள் வருவதை நினைவில் கொள்க. காண்டாமிருகக் கொம்பு, யானைத் தந்தம் ஆகியவற்றாலான பிடி என்றால் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975 முதல் நடைமுறையில் உள்ள சைட்டிஸ் உடன்படிக்கை குறுக்கே நிற்கும். பொருள் மெய்யானதாக இருந்தும் எல்லையைத் தாண்ட முடியாமல் போவது, போலியை வாங்குவதைவிட வருத்தமானது.

2. எந்த வகை என்று தெளிதல்

வகையை அறியாமல் சோதனையைத் தொடங்கினால் எதனோடு ஒப்பிடுவது என்றே தெரியாது. சந்தையில் அடிக்கடி கண்ணில் படுபவை ஆறு.

மொரோக்கோவின் கும்மியா வளைந்த குத்துவாள். வளைவு நுனிப்பாதியில் இருக்கும், அந்தப் பாதி இருபுறமும் கூர். பிடியின் தலை மயில்தோகைபோல் விரிந்திருக்கும். உறையின் இருபுறமும் வளையம் மாட்டிய இரண்டு காதுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதே நாட்டின் ஸ்பூலா நேரான குத்துவாள். நிம்ச்சா என்று சேகரிப்பாளர்கள் அழைக்கும் வாளில் கைக்காப்பின் கைகள் அலகை நோக்கிக் கீழே மடங்கியிருக்கும். விரல்களைக் காக்கும் வளைவு ஒன்றும் உண்டு. அல்ஜீரியாவின் கபிலிப் பகுதிக்குரிய ஃப்ளிஸ்ஸாவுக்குக் கைக்காப்பே கிடையாது; ஒருபுறம் கூர், ஊசிபோல் நீண்ட நுனி, அலகில் வெட்டிய கோலங்களில் பதித்த பித்தளை, விலங்குத் தலையைச் சுருக்கிச் செதுக்கிய பிடி. துவாரெக் மக்களின் தக்கூபா இருபுறமும் கூருடைய நேர்வாள். பிடியும் கைக்காப்பும் பெரும்பாலும் தோல் போர்த்தியவை. அவர்களுடைய தெலெக், சிலுவை வடிவப் பிடியுடன் இடது முன்கையின் உட்புறம் கட்டும் குத்துவாள்.

இந்த ஆறில் எதனோடும் பொருந்தாமல், கும்மியாவின் வளைவும் தக்கூபாவின் நீளமும் அரபுக் கதைப் படங்களின் அகலமும் சேர்ந்த ஏதோ ஒன்று கைக்கு வந்தால், அது கடைக்காரருக்காகப் பிறந்த பொருள் என்று ஏறத்தாழ அங்கேயே சொல்லிவிடலாம்.

3. உறையிலிருந்து உருவுதல்

உறையின் வாயைக் கையால் முழுவதும் சுற்றிப் பிடித்து உருவக் கூடாது. பழைய தோலுறையின் தையல் இற்றுப்போயிருக்கும். அலகின் விளிம்பு அந்தத் தையலை அறுத்துக்கொண்டு வெளிவந்து விரலைப் பதம் பார்க்கும். உறையை முதுகுப்பக்கமாக, விளிம்பு ஓடும் பக்கத்தில் விரல் இல்லாதபடி பிடித்து, மெதுவாக நேராக இழுக்க வேண்டும். சிக்கிக்கொண்டால் நிறுத்திவிட்டு விற்பவரிடமே கொடுத்துவிடுவது நல்லது.

உருவும்போதே காதைத் தீட்டிக்கொள்ளவும். மரத்தை உள்ளே வைத்த உறையிலிருந்து வரும் அலகு ஒரு மெல்லிய உரசலோடு, கடைசி இரண்டு விரல் நீளத்தில் சற்று இறுக்கம் தளர்ந்து வெளிவரும். வெறும் தகட்டுக் குழாயிலிருந்து வருவது கலகலவென்று டப்பாவுக்குள் கரண்டி ஆடுவதுபோல் ஒலிக்கும்.

4. முதுகின் கனத்தை மூன்று இடத்தில் அளத்தல்

நேரம் குறைவாக இருந்து ஒரே ஒரு சோதனைக்குத்தான் இடம் என்றால் இதைச் செய்யுங்கள். வெர்னியரால் பிடியை ஒட்டி ஓரிடம், நடுவில் ஓரிடம், நுனிக்கு மூன்று சென்டிமீட்டர் முன்பாக ஓரிடம் என அலகின் கனத்தை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும்.

என்னிடம் உள்ள, மரப்பிடியும் மங்கிய பித்தளை உறையும் கொண்ட ஒரு கும்மியாவில் இந்த எண்கள் 5.1, 3.9, 2.4 மில்லிமீட்டர். அதை வாங்கிய அன்றே பக்கத்து மேசையில், அதைவிட மூன்று மடங்கு விலை சொல்லப்பட்ட, ஒட்டக எலும்பும் சிவப்புக் கண்ணாடியும் பதித்த ஒன்றை அளந்தேன்: 2.0, 2.0, 2.0. அது தகட்டிலிருந்து வெட்டியெடுத்த வடிவம். உலையையும் சம்மட்டியையும் அது கண்டதே இல்லை.

கனம் ஏன் குறைய வேண்டும்? அலகின்மீது விழும் வளைவிசை பிடியருகேதான் மிகுதி. அங்கே கனம் வேண்டும். நுனி இலேசாக இருந்தால்தான் கை விரைவாகத் திரும்பும். இந்த இரண்டையும் அறிந்த கொல்லர் அடித்து நீட்டும்போதே நுனியை மெலியச் செய்துவிடுகிறார். அலங்காரப் பொருளில் யாரும் கையை வீசப் போவதில்லை என்பதால் அந்த உழைப்புக்கு அங்கே இடமில்லை.

மூன்று அளவும் ஒன்றாக இருந்தால் ஐயம் வலுக்கிறது. படிப்படியாகக் குறைந்தால் மேலே பார்க்கலாம். அவ்வளவே. கனம் குறைவதாலேயே பொருள் மெய்யானது ஆகிவிடாது. ஃப்ளிஸ்ஸாவின் முதுகு பிடியருகே மற்றவற்றைவிட நன்றாகத் தடித்திருக்கும் என்பதையும், தக்கூபா அகன்று மெலிந்த அலகு என்பதையும் மறந்து கும்மியாவின் எண்களை எல்லாவற்றுக்கும் பொருத்திப் பார்க்கக் கூடாது.

தக்கூபாவுக்கு இன்னொரு சோதனை உண்டு: உடைமையாளரின் இசைவோடு, அலகைக் கிடைமட்டமாகப் பிடித்து, கட்டைவிரலால் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு மட்டும் அழுத்திவிட்டு விடுவது. காய்ச்சித் தோய்த்து இறுக்கிய எஃகு தன் நேர்கோட்டுக்குத் திரும்பிவிடும். திரும்பாமல் வளைந்தபடியே நின்றால் அது வெறும் மென்னிரும்பு. இவ்வளவு சிறிய வளைவிலிருந்து மென்னிரும்பும் திரும்பிவிடலாம் என்பதால், திரும்புவது மட்டுமே சான்றாகாது. நுனியைத் தரையில் ஊன்றி வளைத்துப் பார்க்கும் வீரம் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத பழைய விரிசல் ஒன்று இருந்தால் நூறாண்டுப் பொருள் இரண்டு துண்டாகிவிடும், அதன் விலை உங்கள் தலையில் விழும்.

5. விளிம்பைப் படித்தல்

கூர் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது வீண்வேலை. நூறாண்டு உறைக்குள் கிடந்த அலகு மழுங்கித்தான் இருக்கும். நேற்று செய்த சுற்றுலாக் கத்தியை விற்பவரே காலையில் சாணை பிடித்திருக்கலாம். கூருக்காக இறக்கிய சரிவு இருக்கிறதா, அந்தச் சரிவு பலமுறை தீட்டப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி.

அலங்காரப் பொருளின் விளிம்பை லென்ஸில் பார்த்தால் ஒரு மில்லிமீட்டர் அகலத் தட்டையான கரை தெரியும். தகட்டை வெட்டிய இயந்திரம் விட்டுச்சென்ற கரை அது. சில சமயம் கூர்போலத் தோன்றுவதற்காக ஒரு கோட்டை மட்டும் இழைத்திருப்பார்கள்.

புழங்கிய அலகில் தேடவேண்டிய தடயம் பிடியின் அருகே இருக்கிறது. பிடியை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்குத் தீட்டுகல் எட்டாது. அங்கே பழைய அகலம் அப்படியே நிற்க, அதைத் தாண்டியதும் விளிம்பு சற்றே உள்வாங்கியிருக்கும். வீட்டு அரிவாள்மனை பல ஆண்டுத் தீட்டலில் நடுவே குழிந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கோடு உடனே பழகிவிடும். இருபுறமும் கூருள்ள அலகில் இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் தேய்ந்திருக்காது. மனிதக் கை ஒரு பக்கத்தையே அதிகம் நாடும்.

சரிவின் குறுக்கே இணையான, பளிச்சென்ற கீறல்கள் பழுப்பு மேற்பரப்பை வெட்டிக்கொண்டு போனால், அது அண்மையில் மின்சாணையில் வைத்தது. அதனாலேயே பொருள் போலி என்று ஆகாது. பழைய அலகையும் அறியாமையால் இப்படிக் கெடுப்பவர்கள் உண்டு. ஆனால் அதன்பின் ‘கூராக இருக்கிறது பாருங்கள்’ என்ற வாதத்துக்கு மதிப்பில்லை.

6. துருவையும் மேற்பரப்பையும் பார்த்தல்

பழைய துரு கரும்பழுப்பு நிறத்தில் உலோகத்தோடு ஒன்றியிருக்கும். காகிதக் கைக்குட்டையால் மெல்லத் துடைத்தால் பெரிதாக ஒட்டாது. அமிலமோ உப்புநீரோ ஊற்றி விரைவாக வரவழைத்த துரு ஆரஞ்சு நிறப் பொடியாகக் கைக்குட்டையில் வரும், அலகு முழுவதும் ஒரே சீராகப் படர்ந்தும் இருக்கும். இயற்கைத் துருவுக்கு அந்தச் சீர்மை கிடையாது: விரல் பட்ட இடத்தில் ஒரு திட்டு, உறையின் ஈரம் தேங்கிய நுனியில் ஆழமான குழிகள், நடுவில் ஏறத்தாழ ஒன்றுமில்லை என்று ஏற்றத்தாழ்வோடுதான் வரும்.

அலகு பிடிக்குள் நுழையும் கோட்டில் டார்ச்சை அடித்துப் பாருங்கள். பழைய துரு அந்தக் கோட்டுக்குக் கீழும் தொடர்ந்து செல்லும். ஊற்றிய திரவம் என்றால் அங்கேயே நின்றிருக்கும். அல்லது பிடியின் பூணில் வழிந்து பச்சைக் கறை விட்டிருக்கும். இந்தக் கறையை மறைக்க யாரும் நினைப்பதில்லை என்பது நமக்கு வசதி.

நீளவாக்கில் ஓடும் மெல்லிய கருங்கோடு, சிறு ஒட்டுத்தழும்பு போன்றவை பட்டறைக் குறைகள். அவை இருப்பது நல்ல அறிகுறி. கண்ணாடிபோல் பளபளத்து, ஓரத்தில் செதில் செதிலாக உரிந்தால் அது குரோமிய முலாம், அதாவது நினைவுப்பொருள். தக்கூபாவின் அலகில் நீளவாக்கில் ஓடும் பள்ளங்களை விரல்நகத்தால் குறுக்கே தடவிப் பார்க்கவும். மெய்யான பள்ளத்தில் நகம் இறங்கி ஏறும். போலியில் அது வெறும் கீறிய கோடு.

ஒருமுறை என்னோடு சந்தைக்கு வந்த இளைஞர் ஒருவர் அட்டைப் பெட்டிக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து, “அண்ணா, இதில் தூசியே இவ்வளவு படிந்திருக்கிறதே, பழையதாகத்தானே இருக்க வேண்டும்?” என்று கேட்டார். தூசி பெட்டியின் வயதைத்தான் சொல்லும். துடைத்துப் பார்த்தபோது அதன்கீழ் அலகில் துருப்பிடிக்காத எஃகின் வெண்மை தெரிந்தது.

7. பிடியையும் வாலையும் சோதித்தல்

அலகின் வால், அதாவது பிடிக்குள் செருகியிருக்கும் அதன் தொடர்ச்சி, எவ்வளவு தூரம் உள்ளே செல்கிறது என்பதில்தான் கத்தியின் உயிர் இருக்கிறது. வேலைக்குரிய பொருளில் அது ஆழமாகச் சென்று, அரக்கு, பிசின் போன்ற நிரப்பியாலோ ரிவெட்டாலோ இறுக்கப்பட்டிருக்கும். அலங்காரப் பொருளில் இரண்டு விரற்கடை நீளக் குச்சியைப் பசையில் செருகியிருப்பார்கள். பிடியைக் கழற்றிப் பார்க்க இயலாது என்பதால் வெளித்தடயங்களை நம்ப வேண்டியிருக்கிறது. அலகும் பிடியும் சேரும் இடத்தில் புற ஊதா ஒளி பட்டதும் நீலம் கலந்த வெண்மையாக ஒளிரும் பொருள் பெரும்பாலும் இக்காலப் பசை. ஆனால் பழைய பொருளைப் பழுதுபார்த்தவரும் அதே பசையைப் பயன்படுத்தியிருக்கலாம். ஆகவே இதைத் தனிச்சான்றாகக் கொள்ளாமல் மற்றவற்றோடு சேர்த்துப் பாருங்கள்.

பிடி சற்று ஆடுகிறது என்பதற்காக ஒதுக்கிவிடுவது புதியவர்களின் வழக்கமான தவறு. பழைய நிரப்பி உலர்ந்து சுருங்கினால் பிடி ஆடத்தான் செய்யும். புத்தம் புதிதாய் இறுகிய பிடியைத்தான் நான் இருமுறை பார்ப்பேன்.

அடுத்து, பிடியைக் கையில் முழுமையாக இறுக்கிப் பிடியுங்கள். உள்ளங்கை அமரும் இடத்தில் எழும்பிய கம்பி முடிச்சுகளும் கண்ணாடிக் கற்களும் குத்தினால், இதை வடிவமைத்தவர் எவரும் இதைப் பிடிப்பார் என்று எண்ணவில்லை என்று பொருள். அலங்காரம் மிகுந்த கும்மியாவிலும் கைபடும் நடுப்பகுதி பெரும்பாலும் வழவழப்பான மரமாகவோ கொம்பாகவோ விடப்பட்டிருக்கும். வெள்ளி வேலையெல்லாம் மேலும் கீழும்தான்.

கொம்பில் நார்போன்ற நீண்ட வரிகள் ஒளியை ஊடுருவவிடும். எலும்பில் லென்ஸின் கீழ் சிறுசிறு கரும்புள்ளிகளும் கோடுகளும் தெரியும். முன்பு இரத்தக்குழாய் ஓடிய வழி அது. வார்த்த பிளாஸ்டிக்கில் இவை எதுவும் இல்லாமல், அச்சின் இணைப்புக்கோடு ஓரத்தில் ஓடும். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. பிறர் பொருளில் அதைச் செய்ய உங்களுக்கு உரிமையில்லை, உங்கள் பொருளில் செய்ய அவசியமில்லை.

8. உறையும் அலகும் ஒன்றுக்கொன்று பிறந்தவையா?

மூங்கில் குச்சியை உறைக்குள் மெதுவாக அடிவரை விட்டு, வாயின் மட்டத்தில் விரலை வைத்து எடுத்து, அலகின் நீளத்தோடு ஒப்பிடவும். 25 சென்டிமீட்டர் உறைக்குள் 15 சென்டிமீட்டர் அலகு இருந்தால் அந்த உறை கண்காட்சிக்கானது. வளைந்த கும்மியாவில் அலகின் வளைவும் உறையின் வளைவும் ஒன்றாக ஓட வேண்டும். நினைவுப்பொருள்களில் உறை கொக்கிபோல் வளைந்திருக்க, உள்ளே அலகு ஏறத்தாழ நேராக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பொருந்தாத உறை உடனடியாகப் போலியைக் குறிக்காது. உறைதான் முதலில் கெடுவது. புது உறை செய்துகொள்வதும் வேறொன்றின் உறையை மாட்டிக்கொள்வதும் அங்கே இயல்பு. பொருத்தமின்மையை விலை பேசும்போது பயன்படுத்துங்கள், தீர்ப்புக்கு அல்ல.

9. தேய்மானம் எங்கே இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எண்ணுதல்

இந்தப் படியை மட்டும் பொருளைப் பார்க்காமல் தொடங்க வேண்டும். ‘இதை ஒருவர் இருபது ஆண்டு அணிந்திருந்தால் எங்கெங்கே தேயும்?’ என்று முதலில் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, பிறகு அந்த இடங்களைப் பார்க்கவும். பார்த்துவிட்டு எண்ணினால், கண்ணில் படும் எல்லாக் கீறலும் சான்றாகவே தோன்றும்.

கும்மியாவை எடுத்துக்கொள்வோம். வலது தோளிலிருந்து குறுக்கே வரும் கயிறு, உறையின் இரு காதுகளிலுள்ள வளையங்களைத் தூக்கி நிற்க, அது இடது பக்கத்தில் தொங்குகிறது. ஆகவே காதுகளின் துளைகள் கயிறு இழுக்கும் திசையில் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்க வேண்டும். வளையமும் தொடும் இடத்தில் மெலிந்திருக்க வேண்டும். உடம்பை ஒட்டிய பின்பக்கம் துணியில் உரசி மழமழப்பாகியிருக்கும். கோலம் மிகுந்த முன்பக்கத்தில், மேடான இடங்கள் மங்கி, பள்ளங்களில் கோடு கூர்மையாகவே இருக்கும். பிடியின் தலைமேல் கை ஓய்வாகத் தங்கும் பழக்கத்தால் அதன் விளிம்பு மழுங்கியிருக்கும்.

போலித் தேய்மானம் இந்த நியாயத்தை அறியாது. மெருகேற்றும் பஃப் சக்கரத்தில் வைத்துத் தேய்த்தால் மேடும் பள்ளமும் ஒன்றாக மங்கும். பள்ளங்களில் கருமை பூசுவார்கள், ஆனால் வளையத் துளை அச்சில் குத்திய வட்டமாகவே இருக்கும். தேய்மானத்தில் நான் முதலில் பார்ப்பது அந்தத் துளையைத்தான். இருபது யூரோவுக்கு வாங்கிய, பிடியில் விரிசல் விட்ட கும்மியா ஒன்றின் துளை ஒருபுறம் தேய்ந்து தேய்ந்து காதின் ஓரத்தை அறுத்து வெளியே வந்திருந்தது. யாரோ அதற்குமேல் ஒரு சிறு தகட்டைப் பற்றவைத்து, புதுத் துளை இட்டு, மறுபடியும் அணிந்திருக்கிறார். அழகு பார்க்க வாங்கிய பொருளுக்கு எவரும் இப்படிச் செய்வதில்லை.

தெலெக் என்றால் உறையிலுள்ள தோல்வளையத்தைப் பாருங்கள். ஒரு வளர்ந்த ஆளின் கை அதில் நுழைந்து முன்கைவரை ஏற வேண்டும். உட்புறத் தோல் வியர்வையில் கருத்து இறுகியிருக்க வேண்டும். குழந்தையின் கைகூட நுழையாத வளையம் கொண்டவை சுவரில் மாட்டுவதற்கானவை. தக்கூபாவில், உருவும்போது இடக்கை பற்றும் உறைவாயின் தோல் கருத்திருக்கும். ஃப்ளிஸ்ஸாவின் மர உறையில் செதுக்குவேலையின் முனைகள் ஒருபுறம் மட்டும் வழவழத்திருக்கும்.

10. முத்திரை, எழுத்து, அலங்காரம்

ஓடும் ஓநாய், முகம் வரைந்த பிறைகள், பல்வெட்டிய இரட்டை அரிவாள் வளைவு ஆகியவை ஜெர்மனியின் சோலிங்கன், இத்தாலியின் ஜெனோவா முதலிய ஐரோப்பியப் பட்டறை மரபுகளை நினைவூட்டும் முத்திரைகள். நிம்ச்சாவிலும் தக்கூபாவிலும் ஐரோப்பிய அலகுகள் மெய்யாகவே ஏராளமாகப் பயன்பட்டன. ஆனால் அந்த முத்திரைகளுக்கு இருந்த மதிப்பால் உள்ளூர்க் கொல்லர்களும் அவற்றைப் பொறித்தார்கள். ஆகவே முத்திரை இருப்பதால் ஐரோப்பிய அலகு என்றும் சொல்ல முடியாது. அது உள்ளூர்ப் பொறிப்பு என்பதால் போலி என்றும் சொல்ல முடியாது.

ஸ்பூலாக்களில் சிலவற்றின் அலகு வெட்டிக் குறைத்த பிரெஞ்சுத் துப்பாக்கி ஈட்டி (பயனெட்). 1866 ஷாஸ்போ, 1874 கிரா வகைத் துப்பாக்கிகளுக்குரிய ஈட்டிகளின் முதுகில் தொழிற்சாலையின் பெயரும் ஆண்டும் சாய்வெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். பிடியருகே அந்த எழுத்தின் மிச்சம் இருந்தால், கத்தி அந்த ஆண்டுக்கு முந்தையது அல்ல என்ற அளவுக்கு உறுதியாகச் சொல்லலாம்.

ஆண்டுகளைப் பற்றி ஒரு பொதுவான தவறு உண்டு. மொரோக்கோப் பொருளில் நாம் எழுதுவது போன்ற 1, 2, 3 என்ற இலக்கங்களைக் கண்டதும் ‘அரபு நாட்டில் இந்த எண்ணா? போலி’ என்று வைத்துவிடுகிறார்கள். மொரோக்கோ, அல்ஜீரியா உள்ளிட்ட மக்ரிபில் வழங்கும் இலக்கங்களே அந்த வடிவுக்கு நெருக்கமானவை. 19ஆம் நூற்றாண்டின் மொரோக்கோச் செப்புக்காசுகளிலும் ஹிஜ்ரி ஆண்டு அவ்வாறே இருக்கிறது. 1300 என்று கண்டால் அது ஹிஜ்ரி. கிறித்தவ ஆண்டில் 1882–83. எழுத்துகள் இருந்தால் அரபு படிக்கத் தெரிந்த ஒருவரிடம் படத்தைக் காட்டுங்கள். எழுத்துபோல் வளைந்து நெளிந்து, எந்தச் சொல்லும் ஆகாத கோடுகள் படிக்கத் தெரியாதவருக்காகப் பொறிக்கப்பட்டவை.

அலங்காரம் மிகுந்தாலே சுற்றுலாப் பொருள் என்று எண்ணவும் வேண்டாம். வெள்ளி வேலைப்பாடு நிறைந்த கும்மியாவைத் தம் ஊர்த் திருமணத்துக்கு அணிந்தவர்கள் உண்டு. எலும்புத் தகடு, பித்தளைக் கம்பி, சிவப்புப் பச்சைக் கண்ணாடி மூன்றும் ஒரே பொருளில் நெருக்கியடித்து, ஒட்டகப் படமும் சேர்ந்துகொண்டால் மட்டும் எனக்கு வேறு சோதனை தேவைப்படுவதில்லை.

11. முடிவை எழுதுதல்

‘அசல்’, ‘போலி’ என்ற இரண்டு பெட்டிகள் போதா. நான் நான்கு வைத்திருக்கிறேன்: வேலைக்குரியது, உள்ளூர் மக்கள் உடையின் பகுதியாக அணிந்தது, பழைய நினைவுப்பொருள், புதிய நினைவுப்பொருள். இரண்டாவதுதான் எல்லோரையும் தடுமாற வைக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் விழாக்களுக்கு அணிந்த கும்மியாக்கள் சிலவற்றில் அலகு மெலிந்த எளிய இரும்பாக இருந்தாலும், வளையத் துளையின் தேய்மானம் மெய்யாக இருக்கும். நான்காம் படியில் தோற்று ஒன்பதாம் படியில் வெல்லும் பொருள் இந்தப் பெட்டிக்கு உரியது.

அலகு, பிடி, உறை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தீர்ப்பு எழுதவும். பழைய அலகுக்குப் புதுப்பிடி போடுவது தக்கூபாவில் சாதாரணம். ஒரே அலகு பல பிடிகளைக் கண்டிருக்கும். விற்பவர் அதைச் சொல்லி விற்றால் அதில் குறையில்லை.

இதையெல்லாம் எழுதிய பிறகே அவருடைய கதையைக் கேளுங்கள். ‘பாட்டனார் அல்ஜீரியப் போரிலிருந்து கொண்டுவந்தது’ என்பது உண்மையாகவே இருக்கலாம். பாட்டனார் அதை அங்கே ஒரு கடையில் வாங்கியிருக்கவும் கூடும்.

12. வீட்டுக்கு வந்தபின்

முதலில் வாங்கிய கும்மியாவை நான் புளித்த காடியில் ஊறவைத்து எஃகு நாரால் தேய்த்தேன். மாலையில் அது புதிதுபோல் மின்னியது. துருவின் வயதும் தீட்டுகல்லின் தடமும் கழுவுநீரோடு போயிருந்தன. அதன்பின் அதைக் கண்ட எவராலும் அது எதுவென்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பித்தளையின் களிம்பு, உறைவாயின் கருமை, பள்ளங்களில் இறுகிய அழுக்கு எல்லாம் சான்றுகள். படம் எடுப்பதற்கு முன் தொட வேண்டாம்.

பொடியாக உதிரும் புதுத்துரு இருந்தால் மட்டும் மெல்லிய எண்ணெயை மென்துணியில் தொட்டுத் துடைத்து, மீதியை ஒற்றி எடுத்துவிடவும். தோலுறையில் எண்ணெய் படக் கூடாது. அலகை உறைக்குள் செருகி வைக்காமல் பக்கத்தில் தனியே வைக்கவும். பதனிட்ட தோல் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். மூன்று கன அளவுகளையும், ஒவ்வொரு பகுதிக்குமான தீர்ப்பையும், வாங்கிய இடத்தையும் நாளையும் ஒரு சீட்டில் எழுதிப் பொருளோடு கட்டி வையுங்கள். ஒட்டும் வில்லை வேண்டாம், பருத்தி நூல் போதும்.